ஜெர்மன் குடும்பத்தோடு கிறிஸ்துமஸ்: முதல்முறை போகிறவர்களுக்கு

டிசம்பர் 20 தாண்டியதும் ஜெர்மனியில் மாணவர் விடுதி காலியாகிவிடும். பொதுச் சமையலறையில் உங்கள் குக்கர் மட்டும் விசிலடிக்கும். பல்கலைக்கழகக் கேன்டீன் மூடியிருக்கும். 24ஆம் தேதி மதியம் 2 மணிக்குள் கடைகள் ஷட்டரை இறக்கிவிடும். 25, 26 இரண்டு நாளும் அரசு விடுமுறை; பால்கூட வாங்க முடியாது. பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் கடைகள்தான் கதி. பொங்கலுக்கு ஊருக்குப் போகாமல் சென்னை மேன்ஷனில் தங்கிவிட்டவனுக்குத் தெருமுனையில் ஒரு டீக்கடையாவது திறந்திருக்கும். இங்கே அதுவும் கிடையாது.

அந்த மூன்று நாளை ஒரு ஜெர்மன் குடும்பத்தோடு கழிக்க வழி இருக்கிறது. ட்ரெஸ்டனில் படித்த காலத்தில், செக் எல்லையை ஒட்டிய எர்ட்ஸ்கெபிர்க மலைப்பகுதியில் ஒரு வீட்டுக்கு அப்படிப் போனேன். அதன்பிறகு அதே வீட்டுக்குப் பலமுறை போயாகிவிட்டது. முதல்முறை நான் செய்த தப்பெல்லாம் ஒரே வகைதான்: வாய் திறந்து சொல்லியிருக்க வேண்டியதை, "அவங்களே புரிஞ்சுக்குவாங்க" என்று விட்டது.

அக்டோபரிலேயே கேட்டு வையுங்கள்

முதலில் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் விசாரியுங்கள். பல ஊர்களில் அவர்களே குடும்பங்களையும் மாணவர்களையும் சேர்த்துவைப்பார்கள். அங்கே இல்லையென்றால் இ.எஸ்.ஜி., கே.எச்.ஜி. என்று இரண்டு மாணவர் அமைப்புகள் அநேகமாக எல்லாப் பல்கலைக்கழக ஊரிலும் உண்டு. முன்னது புராட்டஸ்டன்ட் சபையினுடையது, பின்னது கத்தோலிக்கர்களுடையது. நீங்கள் எந்த மதமாக இருந்தாலும் கதவைத் தட்டலாம். நவம்பர் கடைசியில் போய்க் கேட்டால் பெரும்பாலும் இடம் முடிந்திருக்கும்.

இன்னொரு வழி, உடன் படிப்பவர்கள். "கிறிஸ்துமஸுக்கு என்ன பண்ணப்போற?" என்று யாராவது கேட்டால் "சும்மா ரெஸ்ட்" என்று கௌரவமாகச் சமாளிக்காதீர்கள். "விடுதியில் தனியாகத்தான் இருப்பேன்" என்று உள்ளதைச் சொல்லுங்கள். அவர்கள் "எங்க வீட்டுக்கு வா" என்று சொன்னால், வரச் சொல்கிறார்கள் என்றுதான் பொருள். ஒப்புக்குக் கூப்பிடும் பழக்கம் இவர்களிடம் குறைவு. கூப்பிட்டபின் மறுபடி ஒருமுறை வற்புறுத்தவும் மாட்டார்கள்.

எந்த நாள், எத்தனை மணிக்கு வருகிறீர்கள், எந்த நாள் கிளம்புகிறீர்கள் என்பதை முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள். 23 மாலை அல்லது 24 காலை போய், 26 மாலையோ 27 காலையோ கிளம்புவது வழக்கம். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று நாம் சொல்வதை இவர்கள் "விருந்தாளியும் மீனும் மூன்றாம் நாள் நாறும்" என்பார்கள்.

சாப்பாட்டை எழுத்தில் சொல்லுங்கள்

"எதைக் கொடுத்தாலும் சாப்பிடுவேன்" என்று மரியாதைக்குச் சொல்லிவிட்டு, அங்கே போய்த் தட்டைப் பார்த்து முழிப்பதுதான் நம்மவர்கள் செய்யும் பெரிய தவறு. சமைக்கிறவருக்கு அதைவிட அவமானம் வேறில்லை. குறைந்தது இரண்டு வாரம் முன்பே எழுதிவிடுங்கள். எதைச் சாப்பிட மாட்டீர்கள் என்பதோடு எதைச் சாப்பிடுவீர்கள் என்பதையும் எழுதுங்கள். "வெஜிடேரியன்" என்றால் முட்டையும் பாலும் சேரும் என்றே எடுத்துக்கொள்வார்கள். முட்டை வேண்டாமென்றால் தனியாகச் சொல்ல வேண்டும். மீனையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் குழப்பமே இல்லை.

கண்ணுக்குத் தெரியாத இடங்களில் இறைச்சி இருக்கும். சிவப்பு முட்டைக்கோஸ் பொரியல் மாதிரிதான் தெரியும். பல வீடுகளில் வாத்துக் கொழுப்பிலோ பன்றிக் கொழுப்பிலோ வதக்கியிருப்பார்கள். உருளைக்கிழங்கு சாலட் வடக்கே மயோனைஸோடு வரும், தெற்கே இறைச்சி வேகவைத்த சாறு ஊற்றிக் கலந்திருக்கும். கரடி வடிவ ஜெல்லி மிட்டாயில் ஜெலட்டின் இருக்கும், அது பெரும்பாலும் பன்றித்தோலிலிருந்து எடுத்தது. சாதாரண வீனர் சாசேஜும் பன்றிதான். மாட்டிறைச்சி, ஹலால் பற்றிய கட்டுப்பாடு இருந்தால் அதையும் எழுதிவிடுங்கள்.

குடிக்காதவர்கள் கவனிக்க வேண்டியது இன்னும் இரண்டு. ஷ்டோலன் என்ற நீள ரொட்டிக் கேக்கில் உலர் திராட்சையை ரம்மில் ஊறவைத்துப் போடுவார்கள். கிறிஸ்துமஸ் சந்தையில் ஆவி பறக்கக் கொடுக்கும் க்ளூவைன் சூடாக்கிய ஒயின். மது இல்லாதது வேண்டுமென்றால் "கிண்டர்புன்ஷ்" என்று கேளுங்கள். கோப்பைக்கு முன்பணம் வாங்குவார்கள், திருப்பிக் கொடுத்துக் காசை வாங்கிக்கொள்ள மறக்காதீர்கள்.

நாய், பூனை பயமோ ஒவ்வாமையோ இருந்தாலும் இதே கடிதத்தில் எழுதுங்கள். இந்த நாட்டில் நாய் வாசலில் கட்டிக் கிடக்காது, சோபாவில் உங்கள் பக்கத்தில் படுத்திருக்கும்.

பயணம்

மலிவு டிக்கெட் ஒரு குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டும்தான் செல்லும். ஆனால் போய்ச்சேர 20 நிமிடமோ அதற்கு மேலோ தாமதமாகும் என்று தெரிந்துவிட்டால் அந்தக் கட்டுப்பாடு நீங்கிவிடும், வேறு ரயிலில் ஏறலாம். டாய்ச்லாண்ட் டிக்கெட் என்ற மாதப் பயணச் சீட்டு வைத்திருப்பவர்கள் ரயில் என்றால் வட்டார ரயிலில் மட்டுமே போகலாம், ஐ.சி.இ. என்ற அதிவேக ரயிலில் ஏறினால் அபராதம். இருக்கை முன்பதிவு தனிக் கட்டணம், கிறிஸ்துமஸ் சமயத்தில் அதைப் போட்டுவிடுவது நல்லது. 24ஆம் தேதி மாலை ஊர்ப்புறத்தில் பஸ்ஸும் ரயிலும் குறைந்துவிடும் என்பதால் மதியத்துக்குள் போய்ச்சேரும்படி திட்டமிடுங்கள். பத்து நிமிடம் தாமதம் என்றாலும் செய்தி அனுப்புங்கள், ஏனென்றால் யாராவது காரை எடுத்துக்கொண்டு நிலையத்துக்கு வந்து நிற்பார்கள்.

பாஸ்போர்ட்டும் தங்கும் அனுமதி அட்டையும் பையில் இருக்கட்டும். எல்லையோரக் குடும்பங்கள் "சும்மா ஒரு நடை" என்று செக் நாட்டுக்கோ ஆஸ்திரியாவுக்கோ கூட்டிப்போய்விடும்.

என்ன கொண்டுபோவது

வீட்டுக்குள் போட ஒரு செருப்பு அல்லது தடித்த காலுறை. தெருவில் போட்ட ஷூ வாசலோடு நின்றுவிடும். குளியலறைக்கு ஒரு காலித் தண்ணீர் பாட்டில். ஏன் என்று உங்களுக்கே தெரியும். குளியலறைத் தரையில் தண்ணீர் போக வழி இருக்காது என்பதால் ஷவர் தடுப்புக்கு வெளியே ஒரு சொட்டு சிந்தினாலும் துடைத்துவிட வேண்டும். ஆண்கள் உட்கார்ந்துதான் சிறுநீர் கழிக்க வேண்டும் என்பது பல வீடுகளில் சட்டம்.

பரிசு விஷயத்தில் பெரிதாகச் செலவு செய்தால் அவர்களுக்குத்தான் தர்மசங்கடம். குடும்பத்துக்கு மொத்தமாக 20 யூரோவுக்குள் ஒன்று, குழந்தை இருந்தால் அதற்குச் சின்னதாக ஒன்று, போதும். ஃபில்டர் காபிப் பொடியும் டபரா டம்ளரும், தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை, நல்ல ஏலக்காய், இப்படி ஊர்ப் பொருளாக இருந்தால் பேச்சுக்கும் ஆகும். ஊரிலிருந்து வரும்போதே வாங்கி வருகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பால், இறைச்சிப் பொருட்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவரத் தடை. பால்கோவாவும் நெய்யும் விமான நிலையக் குப்பைத்தொட்டிக்குப் போகும். பூங்கொத்து வாங்கினால் சுற்றியிருக்கும் காகிதத்தைப் பிரித்துவிட்டுக் கொடுங்கள். சிவப்பு ரோஜா காதலுக்கு, வெள்ளை லில்லி சாவு வீட்டுக்கு, இரண்டும் வேண்டாம்.

எதுவாக இருந்தாலும் வண்ணக் காகிதத்தில் சுற்றி, பெயர் எழுதி, போனவுடன் கையில் திணிக்காமல் மரத்தடியில் வைத்துவிடுங்கள்.

வாசலில் நுழைந்ததும்

கைகுலுக்கி, கண்ணைப் பார்த்துப் பெயரைச் சொல்லுங்கள். பெரியவர்களை "ஸீ" என்று மரியாதைப் பன்மையில் அழைத்துத் தொடங்குங்கள். அவர்களே "டூ என்றே சொல்லு" என்றபின் மாறிக்கொள்ளலாம். பெரும்பாலும் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். அதன்பிறகு வீட்டம்மாவைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எங்கள் அம்மா வயதுள்ளவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு இரண்டு நாள் நாக்கு எழவில்லை, "எக்ஸ்கியூஸ் மீ" என்றே ஓட்டிவிட்டேன்.

எந்த அறை, எந்தத் துண்டு, வைஃபை கடவுச்சொல், காலையில் எத்தனை மணிக்கு எழுகிறார்கள், எந்தக் குப்பை எந்தத் தொட்டி என்று ஒரே மூச்சில் கேட்டுவிடுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம். மேசையில் பாட்டிலில் இருப்பது பெரும்பாலும் சோடா. காலையில் ஜன்னலை ஐந்து நிமிடம் முழுதாகத் திறந்து வைத்தால் உங்களை உறையவைக்கப் பார்க்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம், காற்று மாற்றுகிறார்கள்.

24ஆம் தேதி

இங்கே கிறிஸ்துமஸ் என்றால் 25 அல்ல, 24 மாலைதான். அதற்கு ஹைலிகாபெண்ட் என்று பெயர். காலையில் வீடு ஒரே பரபரப்பாக இருக்கும். பல குடும்பங்கள் அன்றுதான் மரத்தை அலங்கரிக்கும். அப்போது அறைக்குள் உட்கார்ந்து மொபைல் பார்க்காமல் "நான் என்ன செய்யட்டும்?" என்று கேளுங்கள். வேலை கொடுப்பார்கள். எனக்குக் கிடைத்தது உருளைக்கிழங்கு தோலுரிப்பது, மூன்று கிலோ.

மாலை 4 மணிக்கெல்லாம் இருட்டிவிடும். எர்ட்ஸ்கெபிர்கவில் அந்த நேரத்துக்குத் தெருவில் நடந்து பார்க்க வேண்டும். ஒவ்வொரு ஜன்னலிலும் வில் வடிவ மர விளக்கு எரியும். அது சுரங்கத் தொழிலாளர் ஊர். குளிர்காலத்தில் இருட்டில் வேலைக்கு இறங்கி, இருட்டிலேயே வீடு திரும்பியவர்களின் பூமி என்பதால் ஜன்னல் வெளிச்சத்துக்கு அங்கே தனி மதிப்பு. வீட்டுக்குள் ஒரு மரக் கோபுரம் இருக்கும்; மெழுகுவர்த்திச் சூட்டில் அதன் உச்சியிலுள்ள விசிறி சுழன்று, அடுக்கடுக்கான மரப் பொம்மைகளைச் சுற்றவைக்கும். புகைக் குழாய் பிடிக்கும் மர பொம்மையின் வயிற்றுக்குள் ஒரு சின்னக் கரிக் கூம்பைப் பற்றவைத்தால் வாய் வழியே புகை வரும். முதல்முறை அந்தப் புகை என் முகத்தில் பட்டபோது எனக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுக் கூடம்தான் ஞாபகம் வந்தது. அச்சு அசல் கம்ப்யூட்டர் சாம்பிராணி!

பிறகு தேவாலயம். ஆண்டு முழுக்கப் போகாதவர்கள்கூட அன்று போவார்கள், குழந்தைகள் நடிக்கும் பிறப்பு நாடகத்தைப் பார்க்கவாவது. கூப்பிட்டால் போங்கள், வேண்டாமென்றால் "வீட்டிலேயே இருக்கட்டுமா?" என்று கேட்கலாம், தவறாக நினைக்க மாட்டார்கள். உள்ளே ஹீட்டர் இருக்கும் என்று நம்பி கோட்டைக் கழற்றாதீர்கள், கல் கட்டடம் எலும்புவரை குளிரும். கடைசியில் விளக்கை அணைத்துவிட்டு "ஷ்டில்ல நாஹ்ட்" பாடுவார்கள். 1818 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு ஆஸ்திரியாவின் ஓபர்ன்டார்ஃபில் முதல்முறை பாடப்பட்ட பாட்டு அது. நம் ஊர்த் தேவாலயங்களில் "ஒப்பில்லா திரு இரா" என்று பாடுவது இதே மெட்டில்தான், தெரிந்தவர்கள் தமிழிலேயே சேர்ந்து பாடலாம்.

வீடு திரும்பியதும் ஒரு சின்ன மணி ஒலிக்கும். அதுதான் பெஷேருங், பரிசு கொடுக்கும் நேரம். பரிசைக் கொண்டுவருவது தெற்கிலும் மேற்கிலும் குழந்தை இயேசு. வடக்கிலும் கிழக்கிலும் கிறிஸ்துமஸ் தாத்தா. வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் எது என்று முன்கூட்டியே பெற்றோரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், உளறிவிட வேண்டாம். சில வீடுகளில் மரத்தில் நிஜ மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கும், அது கால் கழுவ அல்ல.

எனக்கு ஒரு பொட்டலம் வந்தது. வாங்கி, நன்றி சொல்லி, நம் ஊர் வழக்கப்படி பிரிக்காமல் பைக்குள் வைத்துவிட்டேன். அறையே அமைதியானது. ஏழு வயதுப் பெண் மெதுவாகக் கேட்டாள்: "பிடிக்கலையா?" இங்கே ஒருவர் பிரிக்க மற்றவர்கள் பார்ப்பார்கள், பிறகு அடுத்தவர். உங்கள் முறை வந்ததும் அங்கேயே பிரித்து, வாய்விட்டு ஏதாவது சொல்லுங்கள். உள்ளே இருந்தது கையால் பின்னிய காலுறை, என் அளவுக்கு. பாட்டி பின்னியது. நான் என்ன ஷூ அளவு என்று நவம்பரிலேயே எதற்குக் கேட்டார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது.

மேசையில்

நாட்டின் பெரும்பகுதியில் 24 இரவுச் சாப்பாடு உருளைக்கிழங்கு சாலட்டும் சாசேஜும்தான். பெருவிருந்தை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். வாத்து வறுவல் மறுநாள் மதியம். எர்ட்ஸ்கெபிர்கவிலோ "நொய்னர்லை" என்று ஒன்பது வகை வைப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு அர்த்தம் உண்டு. பருப்பு சாப்பிட்டால் சில்லறைக்குக் குறைவிருக்காது, உருளைக்கிழங்கு உருண்டை சாப்பிட்டால் பெரிய பணம் வரும். தட்டுக்கு அடியில் ஒரு நாணயம் வைத்திருப்பார்கள். சாப்பிட்டு முடிக்கும்வரை யாரும் எழக் கூடாது. சைவக்காரருக்கு ஒன்பதில் ஐந்தாறு தேறும்.

எல்லோருக்கும் பரிமாறி, "குட்டன் அப்பெட்டீட்" சொன்னபிறகே ஆரம்பிக்க வேண்டும். கோப்பையை முட்டும்போது எதிரே இருப்பவர் கண்ணைப் பார்க்க வேண்டும், தண்ணீராக இருந்தாலும். கத்தியையும் முள்கரண்டியையும் தட்டில் இணையாக வைத்தால் முடித்துவிட்டீர்கள் என்று பொருள்.

இப்போது முக்கியமான சொல்லுக்கு வருகிறேன்: "டாங்க". நன்றி என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். முதல் உருண்டையைச் சாப்பிட்டு முடித்திருந்தேன். வயிறு இன்னும் இரண்டு கேட்டது. பாட்டி பாத்திரத்தை நீட்டி "இன்னொன்று?" என்றார். நான் சிரித்துக்கொண்டே "டாங்க" என்றேன். பாத்திரம் அப்படியே என்னைத் தாண்டி அடுத்தவரிடம் போய்விட்டது. ஜெர்மன் மேசையில் வெறும் "டாங்க" என்றால் "போதும், வேண்டாம்". வேண்டுமென்றால் "யா, பிட்ட" அல்லது "கெர்ன" என்று சொல்ல வேண்டும். முதலில் வேண்டாம் என்று சொல்லி, மூன்றாவது தடவை வற்புறுத்தும்போது இலையை நீட்டும் நம் உபசார நாடகம் இங்கே ஓடாது. ஒருமுறை கேட்பார்கள், நீங்கள் சொன்னதை நம்புவார்கள். அன்றிரவு பைக்குள் இருந்த பிஸ்கட்தான் காப்பாற்றியது.

25, 26

இரண்டும் சாப்பாடு, உறக்கம், உறவினர் வருகை. மதியச் சாப்பாட்டுக்குப் பின் எல்லோரும் கோட்டை மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் நடப்பார்கள். பனி பெய்யும் என்ற கனவோடு போகாதீர்கள், சமவெளியில் பெரும்பாலும் தூறலும் சேறும்தான்; நீர் புகாத ஷூ அவசியம். 3, 4 மணிக்குக் காபியும் கேக்கும். நடுவில் நீண்ட மௌனங்கள் வரும், ஆளாளுக்குப் புத்தகத்தோடு உட்கார்ந்துவிடுவார்கள். உங்கள்மேல் கோபம் இல்லை. நீங்களும் ஒரு புத்தகம் எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது அறைக்குப் போய் ஊருக்குப் பேசிவிட்டு வாருங்கள்.

பலகை விளையாட்டு கட்டாயம் வரும். "மென்ஷ் எர்கரெ டிஷ் நிஷ்ட்" பெட்டியைத் திறந்தால் லூடோ. நம் நாட்டுப் பச்சீசியிலிருந்து வந்ததுதான் என்று சொல்லிவிட்டு ஆடுங்கள். பேச்சுக்குப் பொருள் வேண்டுமென்றால் ட்ரெஸ்டன் இருக்கும் சாக்சனி மாநிலக் குடும்பங்களிடம் நான் எடுப்பது புல்ஸ்னிட்ஸ். ட்ரெஸ்டனுக்கு வடகிழக்கே உள்ள இந்தச் சின்ன ஊரை அவர்கள் மிளகுக் கேக்குக்காக அறிவார்கள். பெயரில்தான் மிளகு, பழைய ஜெர்மனில் அயல்நாட்டு மசாலா எல்லாமே மிளகு. நமக்கு அந்த ஊர் வேறு காரணத்துக்காக முக்கியம்: 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கி, தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட சீகன்பால்க் 1682இல் அங்கேதான் பிறந்தார். இதைச் சொன்னதும் அந்த வீட்டுத் தாத்தா எழுந்துபோய் நிலப்படப் புத்தகத்தை எடுத்துவந்து தரங்கம்பாடியைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

நீங்கள் சமைப்பதாக இருந்தால்

ஒருவேளை சமைத்துத் தருகிறேன் என்று சொல்வது நல்ல பரிசு. 26 இரவு வையுங்கள், அதற்குள் எல்லோருக்கும் வாத்து அலுத்திருக்கும். பொருட்களை 23ஆம் தேதிக்குள் வாங்கிவிடுங்கள். எலுமிச்சை சாதம், பருப்பு, உருளைக்கிழங்கு வறுவல் என்று எளிமையாகப் போதும். மிளகாயை உங்கள் அளவில் கால்வாசி போட்டு, ஊறுகாயைத் தனியே வையுங்கள். தாளிக்கும் முன் சமையலறைக் கதவைச் சாத்தி, ஜன்னலைத் திறந்துவிடுங்கள். என் காய்ந்த மிளகாய்த் தாளிப்புக்குக் கூடத்துப் புகை எச்சரிக்கைக் கருவி அலறி, பாட்டி துடைப்பக் கட்டையால் அதைத் தட்டி நிறுத்த வேண்டியிருந்தது.

கிளம்பும்போது

படுக்கை விரிப்பையும் தலையணை உறையையும் உருவி மடித்து வையுங்கள், அல்லது என்ன செய்யட்டும் என்று கேளுங்கள். ஊர் வந்து சேர்ந்ததும் "வந்துவிட்டேன்" என்று ஒரு செய்தி. அந்த வாரமே தபாலில் ஒரு நன்றி அட்டை, கையால் எழுதியது. அதைக் குளிர்சாதனப் பெட்டி மேல் ஒட்டி வைப்பார்கள்.

மிச்சச் சாப்பாட்டை டப்பாவில் போட்டுக் கொடுப்பார்கள். அந்த டப்பா உங்களுடையது அல்ல, திரும்பப் போக வேண்டும். வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று என் அம்மா தொலைபேசியில் சொன்னதால் நான் அதில் முறுக்கு போட்டு அனுப்பினேன். அடுத்த நவம்பரில் அதே டப்பா தபாலில் வந்தது, உள்ளே ஷ்டோலன். மூடியில் பாட்டி ஒரு சீட்டு ஒட்டியிருந்தார்: "ரம் இல்லை. 24ஆம் தேதி எத்தனை மணி ரயில்?"